மண்ணும் மாவும் அளைகிற கை

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிப் பக்கம் போகிற வழியெல்லாம் வானம் பார்த்த பூமி. அந்தப் பக்கத்து ஊர்களில் ஐப்பசி மழை ஒன்று இறங்கிவிட்டால் கரிசல் மண் செருப்போடு சேர்ந்து வரும். நாலு எட்டு வைப்பதற்குள் கால் கனத்துப் போகும். அதே மண் பங்குனியில் கைவிரல் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். நனைந்தால் உப்பி, காய்ந்தால் சுருங்குகிற களிமண் வகை இதில் அதிகம். பருத்திக்கும் சோளத்துக்கும் பேர்போன இந்த மண், மூன்று நாலு வயதுப் பிள்ளையின் விரலுக்கு வலு ஏற்றவும் தோதானது. பிசைந்தால் ஒட்டும், உருட்டினால் நிற்கும், பிய்த்தால் எதிர்க்கும். கடையில் டப்பாவில் விற்கிற வண்ணக் களிமண்ணில் இந்த எதிர்ப்பு பாதிகூட இருக்காது.

அப்பத்தாக்களுக்கு இந்தப் பேச்சு பிடிக்காது. "மண்ணுல கைய வைக்காதய்யா, வயித்துல பூச்சி விழும்" என்று திண்ணையிலிருந்தே சத்தம் வரும். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது; பூச்சி விஷயத்தைப் பின்னால் தனியாகப் பார்க்கலாம். அதே வீட்டிலிருந்து வேன் ஏறிப் போகிற எல்கேஜி பிள்ளைக்கோ ஒரு பக்கம் முழுக்க 'அ' எழுதிவர வீட்டுப்பாடம். பென்சிலை முஷ்டியில் பிடித்து, தாள் கிழிய அழுத்தி, மூன்றாவது வரியிலேயே அழுகை. அந்த மூன்றாவது வரிக்கு முன்னால் அந்தக் கை என்னென்ன செய்திருக்க வேண்டும் என்பதுதான் இந்த அத்தியாயம்.

கை எப்போது தயாராகிறது

மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் உண்டு. குழந்தை பிறக்கும்போது அவை பொதுவாகக் குருத்தெலும்பாகத்தான் இருக்கும். முதல் இரண்டு, பிறந்த சில மாதங்களில் எலும்பாகத் தொடங்கும். கடைசி எலும்பு எக்ஸ்ரேயில் தெரிவதற்கு ஒன்பது வயதுக்கு மேலும் ஆகலாம். இதை வைத்து எட்டு வயதுவரை எழுதவே கூடாது என்று யாரும் வாதாட வேண்டியதில்லை. மூன்று வயதுக் கையும் ஆறு வயதுக் கையும் ஒன்றல்ல என்று தெரிந்துகொண்டால் போதும்.

பிடிப்பும் படிப்படியாகவே மாறுகிறது. ஒன்றரை வயதில் குச்சியை முஷ்டியால் பிடித்துத் தோளிலிருந்து வீசி இழுக்கிற பிள்ளை, இரண்டு மூன்று வயதில் விரல்களைக் கீழே காட்டிப் பிடிக்கிறது. அப்போது முழங்கை அசைகிறது. மூன்றரை, நாலு வயதில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் சேர்கின்றன. ஆனால் மணிக்கட்டுதான் அசையும், விரல்கள் அசையா. அந்த மூன்று விரல்களே அசைந்து எழுதுவது பெரும்பாலும் நாலரை வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடையில் வருகிறது.

கண் பார்த்ததைக் கை போடுவதிலும் ஒரு வரிசை இருக்கிறது. நெட்டுக்கோடு இரண்டு வயதை ஒட்டி, படுக்கைக்கோடு அதற்குக் கொஞ்சம் பிறகு, வட்டம் மூன்றில், கூட்டல் குறி நாலில், சதுரம் நாலரை வாக்கில், முக்கோணம் ஐந்தில். இதைத் தெரிந்துகொண்டு 'அ' என்ற எழுத்தைப் பார்த்தால் அந்த எல்கேஜி பிள்ளையின் அழுகை புரியும். சுழி, வளைவு, படுக்கைக்கோடு, நெட்டுக்கோடு எல்லாம் ஒரே எழுத்தில். 'இ' அதைவிடக் கடினம். நேர்கோடுகளாலேயே முடிந்துவிடுகிற 'ட', 'ப' இரண்டும் எவ்வளவோ எளிது. வாயால் பாடுவதற்கு அ, ஆ வரிசை இருக்கட்டும். கையால் போடுவதற்கு ட, ப, ம, ய என்று வடிவ வரிசையில் போவதே நல்லது.

எழும்பூர் வழியாக லண்டன் போன மணல்

மணலில் விரலால் எழுதிப் பழகுவது வெளிநாட்டிலிருந்து வந்த புதுமுறை என்று நினைப்பவர்கள் உண்டு. நடந்தது நேர்மாறு. 1787-இல் சென்னைக்கு வந்த ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், 1789-இல் எழும்பூரில் ராணுவ வீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்காக நடந்த பள்ளியின் பொறுப்பை ஏற்றார். ஒருநாள் உள்ளூர்த் திண்ணைப் பள்ளி ஒன்றைக் கடந்து போனபோது, பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் பலகையில் மணல் பரப்பி எழுத்துச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். உதவி ஆசிரியர் இசையவில்லை. பெல் விடவில்லை, ஜான் ஃப்ரிஸ்கன் என்ற மாணவனையே சின்ன வகுப்புக்கு ஆசிரியராக்கினார்.

1797-இல் லண்டனில் அவர் வெளியிட்ட சிறுநூல் வழியாக இது 'மெட்ராஸ் முறை' என்று பரவியது. ஜோசப் லங்காஸ்டரின் பள்ளிகளிலும் சின்னப் பிள்ளைகளுக்கு மணல் மேசை இருந்தது. ஒரு பிள்ளை சட்டாம்பிள்ளையாக நின்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் திண்ணைப் பள்ளி வழக்கம்தான். காகிதச் செலவில்லாமல் நிறையப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லலாம் என்பதுதான் இங்கிலாந்தில் இதற்குக் கிடைத்த வரவேற்புக்கு முக்கியக் காரணம். பிள்ளையின் விரல் நன்றாகத் தேறும் என்ற கணக்கு அப்போது யாருக்கும் பெரிதாக இருந்ததாகத் தெரியவில்லை.

விரல் கணக்கைப் போட்டவர் மரியா மாண்டிசோரி. 1907-இல் ரோமில் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் பள்ளி தொடங்கியவர், உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டி, பிள்ளைகளை இரண்டு விரலால் தடவச் செய்தார். 1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாறுக்கு வந்தார். போர் வந்ததால் ஐரோப்பா திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவில் இருந்தார்; அதில் சில ஆண்டுகள் கொடைக்கானலில்.

இன்று தமிழ்நாட்டு அங்கன்வாடிகளின் முன்பருவப் பாடத்திட்டத்துக்கு 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்று பெயர். 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள். 2022-இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. எல்லாவற்றிலும் செய்து பார்க்கிற வேலைக்கு இடம் இருக்கிறது. ஊரில் பால்வாடி என்றே சொல்லப்படுகிற அங்கன்வாடியில் டீச்சரம்மாவுக்கும் ஆயாவுக்கும் சமையல், எடை பார்ப்பது, பதிவேடு என்று கை நிறைய வேலை. ஆகவே இங்கே சொல்லப்போவது எல்லாம் வீட்டு முற்றத்திலும் பால்வாடி வாசலிலும் காசில்லாமல் செய்யக்கூடியவை.

முற்றத்தில் என்னென்ன

கரிசல் மண்ணிலிருந்தே தொடங்கலாம். வீட்டுக்கொல்லையிலோ கண்மாய்க் கரையிலோ நாயும் மாடும் அண்டாத இடத்தில் எடுப்பது நல்லது. மருந்தடித்த காட்டு மண் ஆகாது. கட்டியை உடைத்துச் சலித்தால் ஓடைக்கல்லும் கருவேல முள்ளும் தங்கிவிடும். சலித்ததில் கொதிக்கிற வெந்நீரை ஊற்றிக் கிளறி, நன்றாக ஆறவிட்டு, சப்பாத்தி மாவுப் பதத்துக்கு வரும்வரை காயவிட வேண்டும். பிறகு ஈரச் சாக்கில் சுற்றி வைத்தால் பல நாள் தாங்கும்.

பிசைவது கைமுழுவதற்கும் வேலை. உருட்டுவது உள்ளங்கைக்கு. சொப்புச் சட்டி செய்யும்போதுதான் விரல்நுனிக்கு வேலை வருகிறது; நடுவில் கட்டைவிரலை விட்டுச் சுற்றிச் சுற்றிக் கிள்ளி விளிம்பு எடுக்க வேண்டும். நாலு வயதுக்கு மேல், மண்ணைத் திரித்துப் பாம்பாக்கி அதை வளைத்து 'ட', 'ப' செய்யலாம். சுழி உள்ள எழுத்துகளுக்குப் பாம்பின் தலையைச் சுருட்டினால் போதும்; எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது பிள்ளைக்குத் தானாகத் தெரிந்துவிடும். காய்ந்தால் வெடிக்கத்தான் செய்யும். கரிசலின் குணம் அது. வெடிக்காமல் இருக்க வேண்டுமென்றால் பாதிக்குப் பாதி செம்மண்ணோ மணலோ கலந்துகொள்ளலாம்.

அடுத்தது மணல் தாம்பாளம். எவர்சில்வர் தாம்பாளமே இதற்கு ஏற்றது. மணலை அரை விரற்கடைக்கு மேல் போடக் கூடாது. மெல்லிய பரப்பாக இருந்தால்தான் விரல் போன இடத்தில் தட்டின் அடி பளிச்சென்று தெரியும். ஆழமாகப் போட்டால் ஓரம் சரிந்து கோடு மூடிவிடும். ஆற்று மணலைக் கழுவிக் காயவைத்துச் சலித்தது நல்லது. கட்டட வேலைக்கு வருகிற எம்-சாண்ட் வேண்டாம். அது கல்லை உடைத்த தூள், கூரானது, தூசியும் மூச்சுக்குள் போகும். விஜயதசமியன்று தட்டில் அரிசி பரப்பிப் பிள்ளையின் விரல் பிடித்து எழுதவைக்கிற வீடுகள் இந்தப் பக்கமும் உண்டு. அந்தத் தட்டை மறுநாள் அடுக்களைக்குத் திருப்பி அனுப்பாமல் வாரம் இரண்டு முறை வெளியே எடுத்தால் போதும்.

மணல் இருக்கும்போது கிச்சுக்கிச்சுத் தாம்பாளத்தை விடக் கூடாது. நீளமாகக் குவித்த மணலில் ஒரு பிள்ளை சின்னக் குச்சியை விரலால் நகர்த்தி நகர்த்தி ஒளிக்கும். எதிரே இருக்கிற பிள்ளை இரண்டு கையையும் கோத்து, குச்சி இருக்குமென்று நினைக்கிற இடத்தில் பொத்தும். கண் பார்க்காமலே விரல் ஒரு பொருளை அறிவதற்கு இதைவிட நல்ல பயிற்சி பாடப்புத்தகத்தில் இல்லை.

உணவுப் பொருளை வைத்து விளையாடுவதில் இந்த வறண்ட பூமிக்காரர்களுக்குத் தயக்கம் வருவது இயல்பு. அது நல்ல தயக்கமும்கூட. அதனால் மாட்டுக்குப் போகிற பொருளிலேயே விளையாட்டை வைத்துக்கொள்ளலாம். அகலச் சட்டியில் தவிட்டைக் கொட்டி ஈரம் தெளித்தால் பிடித்து வைக்க வரும், கோடு கிழிக்க வரும். விளையாடி முடித்ததும் தொட்டியில் சேர்த்துவிடலாம். காட்டிலிருந்து வந்த பருத்தியில் கொட்டையைப் பிடித்துப் பஞ்சைப் பிய்ப்பது ஆள்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் அருமையான வேலை. ஊறவைத்த மொச்சையைப் பிதுக்குவதும் அப்படித்தான், இது குழம்புக்கே போய்விடும். பிடிகொழுக்கட்டை செய்கிற அன்று பிள்ளைக்கும் ஓர் உருண்டை மாவு கொடுத்தால், ஐந்து விரலும் தனித்தனியே பதிந்ததைப் பார்த்து அது இன்னொன்று கேட்கும்.

மூன்று வயதுக்குள், எல்லாவற்றையும் வாயில் வைக்கிற பருவத்தில், ஆறிய கஞ்சியும் வேகவைத்த ஜவ்வரிசியும் போதும். பெரிய பிள்ளைகளுக்கு இரண்டு பங்கு மைதா, ஒரு பங்கு உப்பு, ஏறக்குறைய ஒரு பங்கு தண்ணீர், ஒரு கரண்டி எண்ணெய் சேர்த்துப் பிசைந்தால் பல நாள் கெடாத விளையாட்டு மாவு கிடைக்கும். அதைத் தின்றால் உப்பு அளவுக்கு மிஞ்சிப் போகும், ஆகவே பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். நிறத்துக்கு மஞ்சள்தூள், பீட்ரூட் சாறு, சங்குப்பூ. மஞ்சள் கரைத்த நீரில் ஆப்பசோடா ஒரு சிட்டிகை போட்டால் சிவக்கும். சங்குப்பூ நீரில் எலுமிச்சை பிழிந்தால் நீலம் ஊதாவாகும். எழுத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பில்லை. ஆனால் அடுத்த முறை கூப்பிடாமலே பிள்ளை வந்து உட்காரும்.

கோலத்துக்குத் தனி இடம் தர வேண்டும். மாவை எடுத்து இழைவிடுகிற விரல்களைக் கவனித்தால் தெரியும்: கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல். பென்சில் பிடிக்க வேண்டிய அதே மூன்று. சிக்குக்கோலத்தில் கோடு புள்ளியைச் சுற்றி வளைந்து திரும்புகிற அசைவும், தமிழ் எழுத்தின் வளைவும் சுழியும் கேட்கிற அசைவும் ஒன்றுதான். நாலு வயதில் புள்ளி வைப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். அடுத்து இரண்டு புள்ளியைச் சேர்ப்பது, பிறகு ஒரு புள்ளியைச் சுற்றுவது. கல்மாவு தூசி நெஞ்சுக்கு ஆகாது. பச்சரிசி மாவுதான் வேண்டும். ஊரில் கோலத்தைப் பெண்பிள்ளை வேலை என்று ஒதுக்கிவிட்டார்கள். பையன்களின் கையெழுத்தைப் பற்றிப் புலம்புகிற வீடுகள் இதை யோசிக்கலாம்.

தண்ணீர்ப் பஞ்சமான சித்திரையில் இன்னொரு வழி: ஒரு சிரட்டைத் தண்ணீரும் பழந்துணி சுற்றிய குச்சியும் கொடுத்துச் சுவரில் எழுதச் சொல்வது. நின்றுகொண்டு சுவரில் எழுதும்போது மணிக்கட்டு பின்னால் மடிந்து, பென்சிலுக்கு ஏற்ற நிலைக்குத் தானாக வரும். வெயிலில் கோடு உடனே காய்ந்துவிடுவதால் அடுத்த எழுத்துக்குச் சுவர் தயார். தப்பாகப் போட்டதும் காய்ந்துவிடும். கூச்சப்படுகிற பிள்ளைகளுக்கு அது பெரிய ஆறுதல்.

அளைந்தால் மட்டும் எழுத்து வந்துவிடாது

இங்கேதான் பல இடங்களில் கோட்டை விடுகிறார்கள். சேற்றை அப்பிக்கொண்டு எடுக்கிற புகைப்படம் அழகாக இருக்கும். கை வலுப்படும் என்பதும் உண்மை. அதில் எழுத்து சேர வேண்டுமென்றால் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பேச வேண்டும்.

அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரின் ஜேம்ஸ், லாரா எங்கல்ஹார்ட்டுடன் சேர்ந்து 2012-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். இன்னும் வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகள் சில எழுத்துகளைத் தாமாகக் கையால் எழுதினார்கள், சிலவற்றைப் புள்ளிக்கோட்டின் மேல் இழுத்தார்கள், சிலவற்றைத் தட்டச்சு செய்தார்கள். பிறகு ஸ்கேனில் பார்த்தபோது, வாசிப்புக்கு உதவுகிற மூளைப் பகுதிகள் விழித்துக்கொண்டது தாமாக எழுதிய எழுத்துகளுக்குத்தான். பிரான்சில் ஃப்ளோரன்ஸ் பாராவும் கூட்டாளிகளும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், எழுத்து வடிவங்களைக் கண்ணால் மட்டும் பார்த்த பிள்ளைகளைவிடக் கையாலும் தடவிப் பார்த்த பிள்ளைகள் சொற்களை எழுத்துக்கூட்டுவதில் முந்தினார்கள்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வேலையின் வரிசை கிடைக்கிறது. கல்யாணப் பத்திரிகை அட்டையில் பசையால் உள்ளங்கை அளவு 'ட' எழுதி, மேலே மணல் தூவிக் காயவைக்க வேண்டும். பிள்ளை இரண்டு விரலால் அதை இரண்டு மூன்று முறை தடவட்டும். "மேலேருந்து இறங்கு தாயி, இறங்கு, நில்லு. இப்ப சோத்தாங்கைப் பக்கம் போ" என்று அசைவைச் சொல்லிவிட்டு, "ட" என்று ஒலியையும் சொல்ல வேண்டும். அப்புறம் அட்டையைக் கவிழ்த்துவிட்டு மணல் தாம்பாளத்தைத் தள்ள வேண்டும். கோணலாக வரும், வரட்டும். புள்ளிக்கோடு நிறைந்த பயிற்சி ஏடுகள் செய்யாத வேலையை அந்தக் கோணல் எழுத்து செய்கிறது, ஏனென்றால் அடுத்து எங்கே திரும்புவது என்று அங்கே பிள்ளையே முடிவெடுக்கிறது.

இடக்கையால் எழுத வருகிற பிள்ளையின் கையைத் தட்டி மாற்றக் கூடாது. கோடு போகிற திசைதான் முக்கியம், எந்தக் கை என்பது இல்லை.

மண்ணிலிருந்து தாளுக்கு மாறும்போது முழு நீளப் பென்சில் வேண்டாம். கட்டைவிரல் அகலமே உள்ள சாக்பீஸ் துண்டோ கிரேயான் துண்டோ கொடுத்தால் முஷ்டியால் பிடிக்க இடமிருக்காது. மூன்று விரல் தானாகச் சேரும்.

பூச்சியும் விஷமும்

அப்பத்தாவின் பேச்சுக்கு வருவோம். மலம் கலந்த மண்ணில் உருளைப்புழு முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், வெயிலில் ஒருநாள் காய்வதால் சாகாது. வெந்நீர் ஊற்றச் சொன்னது அதற்காகத்தான். விளையாடி முடித்ததும் சோப்புப் போட்டு, நகக்கண் உட்படக் கழுவ வேண்டும். கொக்கிப்புழு வெறுங்கால் வழியே ஏறும். கொல்லையில் மண் எடுக்கப் போகும்போது செருப்பு வேண்டும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அங்கன்வாடியில் தருகிற அல்பெண்டசோல் மாத்திரையைத் தவறவிடக் கூடாது.

இந்தக் காட்டுக்கே உரிய ஆபத்துகள் வேறு சில. விதைப்புக்கு வாங்கிய பருத்திக்கொட்டையில் பூச்சிமருந்து பூசியிருக்கும். அடையாளத்துக்குப் பச்சை, நீலம், சிவப்பு என்று சாயமும் ஏற்றியிருப்பார்கள். அதுவும் அது வந்த பையும் பிள்ளை கைக்கு எட்டவே கூடாது. பல்லாங்குழிக்கு அழகாக இருக்கிறதென்று குன்றிமணியையும், வேலியோரம் கிடைக்கிறதென்று ஆமணக்கு முத்தையும் எடுப்பார்கள். இரண்டும் கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்தான விஷம். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும், சுண்ணாம்பும் அப்படியே. புளியங்கொட்டை, நிலக்கடலை போன்றவை மூன்று வயதுக்குக் கீழே தொண்டையில் அடைத்துக்கொள்ளும். தண்ணீரில் போட்டால் பெருக்கிற வண்ண ஜெல் உருண்டைகள் திருவிழாக் கடைகளில் கிடைக்கின்றன. வயிற்றுக்குள் போனாலும் பெருத்துக் குடலை அடைக்கும், வாங்கவே வேண்டாம்.

கழுவ நிறையத் தண்ணீர் செலவாகுமே என்பது நியாயமான கேள்வி. இரண்டு சட்டி போதும். முதல் சட்டியில் மண் போகட்டும், இரண்டாவதில் சோப்புப் போட்டுக் கழுவட்டும். முதல் சட்டித் தண்ணீர் முருங்கைக்குப் போகும்.

தொட மறுக்கிற பிள்ளை

சில பிள்ளைகள் ஈர மாவைக் கண்டாலே கையை இழுத்துக்கொள்ளும். பிடித்து அழுத்துவதால் பயம்தான் கூடும். முதலில் கரண்டி, பிறகு குச்சி, பிறகு காய்ந்த மணல், கடைசியில் ஈரம் என்று மெல்லப் போகலாம். பக்கத்தில் ஈரத் துண்டு இருக்கட்டும், எப்போது வேண்டுமானாலும் துடைத்துக்கொள்ளலாம் என்று தெரிந்தால் பாதித் தயக்கம் போய்விடும். மாதங்கள் ஆகியும் மாறாமல், சோற்றைத் தொடவும், சட்டை உரசவும், சத்தம் கேட்கவும் ஒவ்வாமல் இருந்தாலோ, ஐந்து வயதிலும் கூட்டல் குறி போட வராவிட்டாலோ ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. 2013 முதல் நடக்கிற தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டில் இருமுறை வருகிறது. குழு வருகிற நாளை டீச்சரம்மாவிடம் முன்பே கேட்டுவைத்துக்கொண்டு, பிள்ளை எதைத் தொட மறுக்கிறது, எந்த வடிவம் வரை போடுகிறது, எந்தக் கையால் போடுகிறது என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனால், மேல்பரிசோதனைக்கு மாவட்ட மையத்துக்கு அனுப்ப வேண்டுமா என்று அவர்கள் அங்கேயே சொல்லிவிட முடியும்.